ஊராள வந்தவர்கள் – 7: இரண்டே ஆண்டில் திருத்திய விதி

சென்ற வாரம் மானூரில் நிறுத்தியிருந்தோம்.

திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பிரமதேய ஊரில், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஊரில், ஏறக்குறைய கி.பி. 800ஆம் ஆண்டில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், சபையில் உட்காரத் தகுதி உள்ளவர் யார் என்று மகாசபையார் கூடித் தீர்மானித்தார்கள். ஊரில் முழுப் பங்கு நிலம் வேண்டும். படிப்பு வேண்டும். நடத்தை சரியாக இருக்க வேண்டும். ஒரு பங்குக்கு ஒருவர்தான். எதைச் சொன்னாலும் ‘கூடாது, கூடாது’ என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு தண்டம்.

மானூர் விதி வாசற்படியோடு நின்றுவிட்டது. உள்ளே வந்தவர்களில் ஏரியைப் பார்க்க யார், பொன்னைக் கையில் வாங்க யார், அவர்களை எப்படிப் பொறுக்குவது என்று அது விலாவாரியாகச் சொல்லவில்லை.

அதைச் சொன்ன ஊர் வடக்கே இருந்தது. ஒரு முறை சொல்லிவிட்டு, இரண்டே ஆண்டில் முழுவதையும் திருத்தி மறுபடியும் சொன்ன ஊர்.

* * *

ஏரியும் பொன்னும்

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் உத்திரமேரூர். இன்று பேரூராட்சி. பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில், பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம் அது.

ஊரின் உயிர் வைரமேகத் தடாகம் என்ற ஏரி. தூர்வாரவில்லை என்றால் அடுத்த போகம் இல்லை. அதனால் ஏரிக்கென்று பொன்னையும் நிலத்தையும் பலர் எழுதி வைத்தார்கள். அந்த முதலைச் சபை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் வட்டியில் மண் எடுக்க வேண்டும். கோயில் விளக்குக்கு வந்த பொன்னும் சபையிடம்தான். நிலவரி திரட்டுவதும் சபைதான்.

ஆக, ஊர்ச் சபை என்றால் பேசிக் கலையும் கூட்டமில்லை. பணம் புழங்கும் இடம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருகிற விதிகள் ஏன் அவ்வளவு கடுமை என்பது விளங்கும்.

சபை நேரடியாக எல்லா வேலையையும் செய்யவில்லை. வாரியம் என்ற குழுக்களை வைத்துச் செய்தது. ஊரின் பொதுக் காரியங்களுக்குச் சம்வத்சர வாரியம். தோப்பு துரவுகளுக்குத் தோட்ட வாரியம். ஏரிக்கு ஏரி வாரியம். இவை தவிர பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்று இரண்டு. வாரியத்தில் இடம் கிடைத்தால் 360 நாள் அதிகாரம்.

அந்த இடத்துக்குப் போட்டி இருந்திருக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பல்லவர் போய்ச் சோழர் வந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. அரியணையில் மதுரை கொண்ட கோப்பரகேசரி, முதலாம் பராந்தகன். அவன் ஆட்சியின் 12ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 919இல், தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அரசு அதிகாரி அரசனின் திருமுகத்தோடு உத்திரமேரூருக்கு வந்தார். அவர் உடனிருக்கச் சபை கூடியது.

* * *

முதல் விதி

919இல் தீர்மானித்தது இதுதான்.

வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுகிறவர் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். வேதத்திலும் சாத்திரத்திலும் காரியத்திலும் வல்லவர் என்று பெயர் எடுத்திருக்க வேண்டும். நேர்மையாகச் சம்பாதித்தவராக, மனத்தூய்மை உள்ளவராக இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது.

அப்புறம் ஒன்று. வாரியம் செய்து இறங்கிய பெருமக்களுக்கு ‘அணைய பந்துக்கள்’, அதாவது நெருங்கிய உறவினர், பெயர் எழுதப்படக் கூடாது.

இத்தனையிலும் தேறியவர்களின் பெயரை ஓலையில் எழுதி, சேரிவாரியாகத் திரட்டி, குடத்தில் போட்டு, எழுத்து உரு அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பிக்க வேண்டும். சேரி என்றால் அக்காலத்தில் குடியிருப்புப் பகுதி. அப்படிப் பன்னிரண்டு சேரி அந்த ஊரில்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நிலம், வீடு, வயது, கல்வி, ஒழுக்கம், இடைவெளி, உறவு என்று ஒன்றையும் விடவில்லை. ஊர் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

தூங்கவில்லை.

* * *

இடையில் என்ன நடந்தது?

இரண்டு ஆண்டு கழித்து, பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டு, 16ஆம் நாள். கி.பி. 921. மறுபடி அரசனின் திருமுகம். மறுபடி ஓர் அதிகாரி. இந்த முறை வேறு ஆள். சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டு ஸ்ரீவங்கநகரைச் சேர்ந்த கரஞ்சை கொண்டயக்கிரமவித்த பட்டன் ஆகிய சோமாசிப்பெருமான். மறுபடி மகாசபை. மறுபடி அதே பொருள்: வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதும் முறை.

360 நாள் பதவிக்காலம் என்றால், நடுவில் இரண்டு சுற்றுக்குத்தான் நேரம் இருந்திருக்கும். கல்லில் வெட்டிய விதி அதற்குள் போதாமல் போனது.

ஏன் போதவில்லை என்று எந்தக் கல்லும் நேராகச் சொல்லவில்லை. ‘இன்னார் இப்படிச் செய்தார்’ என்று பெயர் போட்டுக் குற்றம் சாட்டும் வழக்கம் இவற்றில் இல்லை. ஆனால் 921 கல்வெட்டு தன் நோக்கத்தை மறைக்கவும் இல்லை. ஊரில் துஷ்டர்கள் கெட்டு நல்லவர்கள் வாழ்வதற்காக இந்த ஏற்பாடு என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. யாரும் கெடுதல் செய்யாத ஊரில் இந்த வாக்கியத்துக்கு வேலையில்லை.

சரி, கல் சொல்லாததை விதிகளின் வித்தியாசத்திலிருந்து எடுக்க முடியுமா? முடியும் என்று நினைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், முதல் விதியில் எங்கெல்லாம் பிடி தளர்ந்திருந்ததோ அங்கெல்லாம் இரண்டாவது விதி முடிச்சுப் போட்டிருப்பது தெரிகிறது.

முதலில் கல்வி. 919இல் வேத சாத்திரங்களில் வல்லவர் ‘என்னப்பட்டிருந்தால்’ போதும். என்னப்பட்டிருப்பது யாரால்? அவரவர் கூட்டாளி அவரவரை வல்லவர் என்பார். 921இல் அந்தத் தளர்ச்சி இல்லை. மந்திர பிராமணம் என்ற வேதப் பகுதியைப் பிறருக்கு ஓதுவித்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று அளவுகோல் வந்துவிட்டது.

கூடவே ஒரு சலுகை. நிலம் அரைக்கால் வேலிதான் இருக்கிறது, ஆனால் ஒரு வேதத்தில் வல்லவர், நான்கு பாஷ்யங்களில் ஒன்றை விளக்கிச் சொல்லத் தெரிந்தவர் என்றால் அவர் பெயரையும் எழுதலாம். படித்த ஏழைக்கு, அல்லது படித்த அரை ஏழைக்கு, கதவு அரை அடி திறந்தது.

வயதும் மாறியது. முப்பது முப்பத்தைந்தானது; அறுபது எழுபதானது. இளையவர்கள் ஆட்டம் போட்டார்களா, ஊர்ப் பெரியவர்கள் தங்களுக்கு இன்னும் பத்து ஆண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்களா என்று நமக்குத் தோன்றுவதைச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டுமே நடந்திருக்கலாம். ஊர்ச் சபைகளை அறிந்தவர்கள் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

* * *

மச்சான் விதி

உண்மையான சண்டை உறவில்தான் நடந்திருக்க வேண்டும்.

919 விதி என்ன சொன்னது? இறங்கிய உறுப்பினருக்கு நெருங்கிய உறவினர் கூடாது. நெருக்கம் என்றால் எது வரை? அத்தை மகன் நெருக்கமா? மைத்துனன்? சம்பந்தி? பிரமதேயம் என்பது தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் வாழும் ஊர். அங்கே ‘நெருங்கிய உறவு’ என்று பொதுவாகச் சொன்னால் எல்லாரும் எல்லாருக்கும் உறவு. வேண்டுமென்றால் யாரும் யாருக்கும் உறவில்லை. வேண்டாதவர் பெயர் வரும்போது அவர் மாமன் மகன் ஆகிவிடுவார். வேண்டியவர் பெயர் வரும்போது ‘அது தூரத்து உறவு’ என்றாகிவிடும்.

921இல் சபை உட்கார்ந்து உறவுகளை ஒவ்வொன்றாக எண்ணியது. அந்தப் பட்டியலை இன்றைய பேச்சில் தருகிறேன்.

சித்தி, பெரியம்மா மக்கள். அத்தை, மாமன் மக்கள். தாய்மாமன். அப்பாவோடு பிறந்தவர். தன்னோடு பிறந்தவர். பெண் கொடுத்த மாமனார். மனைவியோடு பிறந்தவர். தன் உடன்பிறந்தாளைக் கட்டியவர். உடன்பிறந்தாளின் பிள்ளைகள். மகளைக் கட்டிய மருமகன். தகப்பன். மகன்.

தமிழ்க் குடும்பத்தில் ஒருவர் பெயரில் இன்னொருவர் ஆளக்கூடிய வழிகள் ஏறக்குறைய எல்லாமே இதில் அடங்கிவிட்டன. மச்சானை மறந்துவிட்டார்களோ என்று தேடினேன். இரண்டு பக்கத்து மச்சானும் இருக்கிறார்.

ஆனால் யாருடைய உறவினர் என்பதில் ஒரு நுட்பமான திருப்பம் நடந்திருக்கிறது. அவசரமாக வாசிப்பவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

919இல் இறங்கியவர் எவராக இருந்தாலும் அவருடைய நெருங்கிய உறவினருக்குத் தடை. 921இல் அப்படி இல்லை. வாரியம் செய்து முடித்துக் கணக்குக் காட்டாமல் இருக்கிறாரே, அவருக்கும் அவருடைய மேற்படி உறவினர் அத்தனை பேருக்கும் தடை.

எல்லாருடைய சொந்தக்காரர்களையும் விலக்கினால் அந்த ஊரில் மிஞ்சுவதற்கு ஆள் இருந்திருக்காது. அதனால் வலையைச் சிறிதாக்கிக் கண்ணியை நெருக்கிவிட்டார்கள். கணக்கு ஒப்படைத்தால் உன் மருமகன் பெயர் குடத்துக்குள் போகும். ஒப்படைக்கவில்லை என்றால் நீ மட்டும் போகவில்லை. உன் மாமனார், மைத்துனர், தங்கை பிள்ளைகள் எல்லாரும் வெளியே.

கணக்குக் கேட்க இதைவிடக் கெட்டிக்கார வழி இருக்கிறதா? அதிகாரி வந்து நெருக்க வேண்டியதில்லை. வீட்டில் மாமனாரே கேட்பார், ‘மாப்பிள்ளை, ஏன் இன்னும் கணக்குக் காட்டவில்லை?’ என்று. இந்தக் கல்வெட்டு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். 919க்கும் 921க்கும் நடுவில் யாரோ ஒருவர் கணக்குக் காட்டாமல் இறங்கி, அடுத்த சுற்றில் தன் ஆளை ஏற்றியிருக்கிறார் என்பது என் ஊகம். நிரூபிக்க முடியாது. ஆனால் நடக்காத ஒன்றுக்கு இவ்வளவு நீளமான பட்டியல் எழுத மாட்டார்கள்.

பட்டியல் இதோடும் முடியவில்லை. முறையற்ற உறவு கொண்டவர்கள், ஐந்து மாபாதகங்களில் முதல் நான்கில் ஏதேனும் ஒன்றில் பெயர் எழுதப்பட்டவர்கள், அவர்களுடைய அதே உறவினர்கள் விலக்கு. துணிந்து எதையும் செய்யும் முரடர்கள் விலக்கு. பிறர் பொருளைக் கவர்ந்தவர் விலக்கு. ஊருக்கு முள்ளாக இருந்தவர், பரிகாரம் செய்து தூய்மை அடைந்தாலும், உயிர் உள்ள வரை விலக்கு. கழுதைமேல் ஏற்றப்பட்டவர் விலக்கு. அது அக்காலத்து அவமானத் தண்டனை. கள்ள ஆவணம் எழுதியவரும் விலக்கு.

கணக்கு எழுதுகிறவருக்கும் தனி விதி உண்டு. எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் அவரே காட்ட வேண்டும். அது சரி என்று ஏற்கப்பட்ட பிறகுதான் அடுத்த கணக்கைத் தொடலாம். இன்னொருவரை விட்டுக் கணக்கை முடிக்கக் கூடாது.

* * *

குடவோலை நாள்

இனி அந்த நாளுக்கு வருவோம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. குடும்பு என்பது இன்றைய வார்டு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதுகிறார்கள். ஒரு குடும்பின் ஓலைகளை ஒரு கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலையை மேலே பூட்டுகிறார்கள். முப்பது கட்டும் குடத்துக்குள் போகின்றன.

மகாசபை கூடியிருக்கிறது. சிறியவர் பெரியவர் எல்லாரும் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று ஊரில் இருக்கும் நம்பிமார், கோயில் பூசை செய்பவர்கள், ஒருவர் விடாமல் வந்து உள்மண்டபத்தில் உட்கார வேண்டும்.

அவர்களில் வயது முதிர்ந்த ஒரு நம்பி எழுகிறார். குடத்தைத் தூக்கிப் பிடித்து, கண்ணை மேலே வைத்துக்கொண்டு நிற்கிறார். கூடியிருக்கும் அத்தனை பேருக்கும் குடம் தெரிய வேண்டும். அவர் குடத்துக்குள் பார்க்கக் கூடாது.

பகல் வெளிச்சத்தில், உள்ளே இருப்பது என்ன என்று அறியாத ஒரு சிறுவன் கைவிடுகிறான். ஒரு கட்டை எடுக்கிறான். அந்தக் கட்டைப் பிரித்து, ஓலைகளை இன்னொரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். சிறுவன் மறுபடி கைவிட்டு ஓர் ஓலையை எடுத்து மத்யஸ்தன், அதாவது நடுவர், கையில் கொடுக்கிறான்.

மத்யஸ்தன் அதை வாங்கும் விதத்தையும் சபை சொல்லியிருக்கிறது. ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும்.

ஏன் ஐந்து விரல்? விரல் மடக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஒரு வரியைக் கல்லில் வெட்டுவதற்கு முன் எவனோ ஒருவன் விரலை மடக்கியிருக்க வேண்டும்.

மத்யஸ்தன் பெயரை வாசிக்கிறார். அவர் வாசித்தது சரியா என்று பார்க்க, உள்மண்டபத்து நம்பிமார் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக அதே ஓலையை வாசிக்கிறார்கள். அதற்குப் பிறகே பெயர் உறுதியாகிறது.

இப்படி முப்பது முறை. முப்பது குடும்புக்கு முப்பது பேர்.

இந்த முப்பதில் ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் பார்த்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகிய பன்னிருவர் சம்வத்சர வாரியத்துக்கு. மிச்சத்தில் பன்னிருவர் தோட்டத்துக்கு. எஞ்சிய அறுவர் ஏரிக்கு. ஆண்டு நடுவில் ஒருவர்மேல் குற்றம் கண்டால் அப்போதே இறக்கிவிட வேண்டும். 360 நாள் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாகக் குடவோலை. அங்கே ஆறு பேர், இங்கே ஆறு பேர். ஓர் ஆண்டு இடம் கிடைத்த குடும்புக்கு அடுத்த ஆண்டு கிடையாது. மீதிக் குடும்புகளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சந்திரனும் சூரியனும் உள்ள வரை இப்படியே என்று தீர்மானம் முடிகிறது. அதைச் சபையின் ஆணைப்படி எழுதியவர் மத்யஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன்.

* * *

யாரும் வாக்களிக்கவில்லை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் உத்திரமேரூர் என்றதும் மேடைக்கு மேடை நெஞ்சு நிமிர்த்தும் பழக்கம் நமக்கு உண்டு.

1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிப் பேசும்போது டி. பிரகாசம் இந்தக் கல்வெட்டை எடுத்துக்காட்டினார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமரும் உத்திரமேரூரைச் சொன்னார். குடவோலையை ‘ஓட்டுப் பெட்டி’ என்றே பாடப் புத்தகம் முதல் பட்டிமன்றம் வரை சொல்லிவருகிறோம்.

ஆனால் அந்த மண்டபத்தில் ஒருவரும் வாக்களிக்கவில்லை. எடுத்தது ஒன்றும் அறியாத ஒரு சிறுவன். அது திருவுளச்சீட்டு. இந்த முறை சோழர் கண்டுபிடித்ததும் அல்ல. குடத்திலிருந்து ஓலை எடுக்கும் காட்சி அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே உவமையாக வந்துவிடுகிறது.

யாரை விரும்புகிறாய் என்று அங்கே யாரையும் யாரும் கேட்கவில்லை. குடத்துக்குள் யார் பெயர் போகலாம் என்பதுதான் ஒரே கேள்வி. அதில் தேறிவிட்டால் யார் வந்தாலும் ஒன்றுதான்; சிறுவன் கைவிட்டு எடுக்கலாம். அரசியல் முழுக்க ஓலையில் பெயர் எழுதும் கட்டத்திலேயே முடிந்துபோனது. அதனால்தான் இரண்டு கல்வெட்டிலும் பெரும் பகுதி வேட்பாளர் தகுதிக்கே செலவாகியிருக்கிறது.

இன்னொன்று. இது உத்திரமேரூரில் வாழ்ந்த எல்லாருக்குமான ஏற்பாடும் இல்லை. நிலம் உடைய, வேதம் ஓதிய பிராமண ஆண்களுக்கு மட்டுமானது. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர் பெயர் குடத்துக்குள் போக வழியில்லை. நிலத்தை உழுதவர் பெயர் போகாது. ஒரு பெண்ணின் பெயரும் போகாது. ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்று எழுதுவதற்கு முன் அந்தக் குடத்தின் வாய் எவ்வளவு குறுகல் என்று பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. இதைச் சொன்னால் பெருமையைக் குறைக்கிறேன் என்று சிலர் கோபிப்பார்கள். கணக்குக் காட்டாதவனை உறவோடு விலக்கிய ஊரை நான் மதிக்கிறேன். அந்த மதிப்புக்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

சொத்தும் படிப்பும் தகுதியாக இருந்தது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2015இல் ஹரியானா அரசு பஞ்சாயத்து வேட்பாளருக்குக் கல்வித் தகுதி கொண்டுவந்தது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு. பெண்களுக்கும் பட்டியல் சாதி ஆண்களுக்கும் அதைவிடக் குறைவு. வீட்டில் கழிப்பறை வேண்டும், கூட்டுறவுக் கடன் பாக்கியும் மின்கட்டண பாக்கியும் இருக்கக் கூடாது என்றும் விதி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டு டிசம்பரில், ராஜ்பாலா வழக்கில், சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. உத்திரமேரூரார் சொந்த மனையும் மந்திர பிராமணமும் கேட்டார்கள். ஹரியானா கழிப்பறையும் மெட்ரிகுலேஷனும் கேட்டது. ஓட்டுப் போட இருக்கிற தகுதி போட்டியிட ஏன் போதாது என்று வழக்குப் போட்டவர்கள் கேட்டதற்கு எனக்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

ஆனால் கணக்குக் காட்டாதவரின் மைத்துனரை விலக்கும் துணிச்சல் ஹரியானாவுக்கும் வரவில்லை, வேறெந்த மாநிலத்துக்கும் வரவில்லை.

* * *

அரசனா, ஊரா?

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. இந்த விதிகளை உண்மையில் எழுதியது யார்?

இரண்டு முறையும் அரசனின் திருமுகம் வந்திருக்கிறது. இரண்டு முறையும் அதிகாரி உடன் உட்கார்ந்திருக்கிறார். அரசு திணித்ததைச் சபை தலையாட்டி ஏற்றது என்று ஒருவர் வாதாடலாம். வரி ஒழுங்காக வந்து சேர வேண்டுமானால் வரி திரட்டும் சபையில் திருட்டு இருக்கக் கூடாது. பாண்டியநாடு வரை போர் நடத்திய அரசனுக்கு அதில் அக்கறை இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் ஐந்து விரல் விரிக்க வேண்டும் என்பது தலைநகரில் உட்கார்ந்து யோசித்து எழுதுகிற வரியா? அது அந்த மண்டபத்தில் ஏமாந்தவர்கள் சொன்ன வரி. உறவுப் பட்டியலும் அப்படித்தான். அரசன் ஆணை கொடுத்தான். ஓட்டை எங்கே என்று ஊர் காட்டிக்கொடுத்தது. என் தீர்ப்பு இதுதான். மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. அவர்களிடமும் சான்று இருக்கிறது.

விதி அதன் பிறகு நின்றதா? சந்திர சூரியர் உள்ள வரை என்று வெட்டினார்கள். 949இல் தக்கோலத்தில் சோழப்படை தோற்றது. தொண்டைநாடு இராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் கைக்குப் போனது. உத்திரமேரூரிலேயே அவன் பெயரில் கல்வெட்டுகள் இருக்கின்றன. அரசன் மாறினான், சபை கூடிக்கொண்டுதான் இருந்தது.

அதைவிட என்னைக் குழப்புவது வேறொன்று. அதே உத்திரமேரூரில், அதே பராந்தகன் காலத்தில், பொன்னின் தரம் பார்ப்பதற்கென்று ஒரு குழு அமைத்ததைச் சொல்லும் இன்னொரு கல்வெட்டு உண்டு. பொன் மாற்றுப் பார்க்கத் தெரிந்தவர்களைப் பொறுக்குகிறார்கள். அதில் கோயில் வீதிகளில் வாழ்ந்த மாடவீதியார் இருக்கிறார்கள், அது எதிர்பார்த்ததுதான். படையைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் வணிகம் செய்த சங்கரப்பாடியாரும் இருக்கிறார்கள்.

மந்திர பிராமணம் ஓதுவிக்கத் தெரியாத சங்கரப்பாடியார் ஊர்க் குழுவுக்குள் எந்த விதியின்படி வந்தார்கள்?

(அடுத்த வாரம்)